காவிரி டெல்டாவில் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இரண்டு மூன்று தோழிகளும் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். "உங்க ஊருக்கு வர்றோம், எங்கே ஓட்டலாம்?" என்று கேட்கிற வெளியூர்க்காரர்களுக்குப் போனில் பதில் சொல்லிச் சொல்லி ஒரே பாட்டாகிவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். தூரங்கள் எல்லாம் தோராயம்தான். நடுவில் எந்தக் கோயிலுக்குத் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஐந்து பத்து கிலோமீட்டர் கூடும்.

டெல்டா முழுக்கத் தட்டையாச்சே, ஓட்ட என்ன இருக்கிறது?

தட்டைதான். தஞ்சாவூரே கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டர் வாக்கில்தான் இருக்கிறது, கடலோ 80 கிலோமீட்டருக்கு அப்பால். அந்தச் சரிவு காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத்தான் தெரியும். ஆனால் அந்தச் சரிவை வைத்துத்தான் இந்த நாடே அமைந்திருக்கிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அப்புறம் குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு என்று கிளைவிட்டுக்கொண்டே போகிறது. ஒவ்வொரு ஆற்றுக்கும் கரை உண்டு, அந்தக் கரையை ஒட்டி ஊரும் கோயிலும் உண்டு.

எனவே இங்கே பாதை தேர்ந்தெடுக்கும்போது ஊரைப் பார்க்காதீர்கள், ஆற்றைப் பாருங்கள். போன் காட்டுகிற குறுக்குவழி எப்போதும் பஸ்ஸும் லாரியும் ஓடுகிற சாலையில் கொண்டுபோய் விடும். ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு அதன் கூடவே போனால் நிழல், படித்துறை, டீக்கடை எல்லாம் தானாக வரும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்தப் பாதை?

யோசிக்காமல் சொல்வேன்: தஞ்சாவூர், திருவையாறு, கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம். 50 கிலோமீட்டர் சுமாருக்கு வரும்.

காலை ஐந்தேகாலுக்குக் கிளம்புங்கள். திருவையாறு வரை 13 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்டுவீர்கள். ஊர்ப்பெயருக்கு இந்த ஐந்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். புதிதாக வருகிறவர்களிடம் நான் எதையும் சொல்வதில்லை, பாலங்களை மட்டும் எண்ணச் சொல்வேன். கண்டியூர் தாண்டியதும் காற்று குளிரும், வாழைத்தோப்பு வாசம் வரும்.

திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிடாமல் நகர வேண்டாம். பயத்தம்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்தது, அடுத்த 20 கிலோமீட்டருக்குத் தாங்கும். வெளிநாட்டு எனர்ஜி ஜெல்லைப் பையில் வைத்துக்கொண்டு வந்த ஒருவர் அதைத் திரும்ப வீட்டுக்கே எடுத்துப்போனார். தியாகராஜ ஆராதனை சமயத்தில் மட்டும் (பெரும்பாலும் ஜனவரியில் வரும்) இந்த ஊரைச் சுற்றிப் போங்கள், அல்லது சைக்கிளைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து பாட்டைக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது.

திருவையாற்றிலிருந்து சாலை காவிரியை விட்டுப் பெரிதாக விலகாமல் கிழக்கே போகிறது. இதுதான் இந்தப் பயணத்தின் சாரம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயலும் வாழையும் மூங்கிலும். கணபதி அக்ரஹாரத்தில் திண்ணை வைத்த வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைகளில் கேட்டால் பார்க்க விடுவார்கள். மெழுகில் உருவம் செய்து அதன்மேல் வண்டல்மண் பூசுவதை அங்கே பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போனால், உற்சவரைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். எட்டரை ஒன்பதுக்குக் கும்பகோணம் சேர்ந்தால் இட்லியும் கடப்பாவும் (பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குருமா மாதிரி) கிடைக்கும். இன்னும் தாமதித்தால் கடப்பா தீர்ந்திருக்கும், சாம்பார்தான்.

திரும்ப வரத் தெம்பு இருந்தால் தாராசுரம், பாபநாசம், அய்யம்பேட்டை வழி 40 கிலோமீட்டர். இதில் பஸ் அதிகம், பாதையும் அவ்வளவு சுகமில்லை. ஆனால் மூன்று காரணங்களுக்காக நான் சில சமயம் இதில் வருவேன். முதலாவது தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெரிய கோயிலைப் பார்த்து அண்ணாந்த கழுத்துக்கு இங்கே குனிந்து பார்க்கிற வேலை. இரண்டாவது, பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் இருக்கும் செங்கல் நெற்களஞ்சியம். நாயக்கர் காலத்தது, கூம்பு வடிவம். மூன்றாவது புள்ளமங்கை, பசுபதிகோயில் பக்கம். முற்காலச் சோழர் கோயில். அதன் சுவரில் உள்ளங்கை அளவுச் சிற்பங்களில் ராமாயணமே ஓடுகிறது. சைக்கிள் நிறுத்த இடம் தேட வேண்டாம், ஆளே இருக்காது.

மேடு பள்ளம் இல்லாமல் எனக்குச் சலிக்கும். ஏற்ற இறக்கம் எங்கேயாவது உண்டா?

உண்டு. டெல்டாவின் விளிம்புக்கு வாருங்கள். தஞ்சாவூருக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் வண்டல் முடிந்து செம்மண் தொடங்குகிறது. வல்லத்து மேட்டில் நின்றால் தெரியும்: பின்னால் பச்சை, முன்னால் செந்தரை. அங்கிருந்து புதுக்கோட்டை வரை வானம் பார்த்த பூமி. கடலை, முந்திரி, தைலமரம், இடையிடையே ஏரியும் கண்மாயும். சாலை அலைபோல ஏறி இறங்கும். எந்த ஏற்றமும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நீளாது, ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு தொடை பேச ஆரம்பிக்கும்.

தஞ்சாவூர், கந்தர்வகோட்டை, ஆதனக்கோட்டை, புதுக்கோட்டை. இது 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆதனக்கோட்டையில் சாலையோரமாகவே முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்து விற்கிறார்கள். புகை வாசம் ஊருக்கு முன்னாலேயே வந்துவிடும். பெரும்பாலும் பெண்கள்தான் அந்த வேலையைச் செய்கிறார்கள், விரலெல்லாம் கொட்டைப்பாலில் கறுத்திருக்கும். பேரம் பேசாதீர்கள்.

புதுக்கோட்டையில் ஓர் இரவு தங்கினால் மறுநாள் ஒரு சுற்று போகலாம்: நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை. மூன்றும் மொட்டைப் பாறைக் குன்றுகள், மூன்றும் ஒன்றுக்கொன்று கிட்டத்தில். நார்த்தாமலையில் விஜயாலய சோழீசுவரம் பாறைமேல் நிற்கிறது, சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு நடக்கவேண்டும். சித்தன்னவாசலில் சமணர் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக்குளம் தீட்டியிருக்கிறார்கள், மீனும் யானையும் பூப்பறிக்கிறவர்களுமாக. வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத வெயிலில் மிதித்து வந்து, மேலே அந்தக் குளத்தைப் பார்க்கவேண்டும். குடுமியான்மலையில் இசைக்கல்வெட்டு, பாறையில் ஸ்வரங்களாகவே பொறித்தது. படிக்கத் தெரியாவிட்டாலும் பார்க்கலாம்.

இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம். டெல்டாவில் கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை. இங்கே அப்படி இல்லை.

கரைப்பாதையில் ரோடு பைக் (மெல்லிய டயர் போட்ட சைக்கிள்) போகுமா?

சில இடத்தில் போகும், சில இடத்தில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். தார் போட்ட கரை திடீரென்று மண்ணாகிவிடும், அதற்கு எந்த அறிவிப்பும் கிடையாது. 28 மில்லிமீட்டர் டயராவது போடுங்கள். 32 இருந்தால் கவலையே இல்லை. கரையின் விளிம்பில் தடுப்பு இருக்காது. எதிரே டிராக்டர் வந்தால் வீரம் காட்டாமல் இறங்கி நில்லுங்கள்.

எனக்குப் பிடித்தது கல்லணையிலிருந்து கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வருகிற பாதை. முப்பது கிலோமீட்டர் சுமார். கல்லணையைக் கரிகாலன் கட்டியதாகச் சொல்கிறோம். மேலே இருக்கிற மதகும் ஷட்டரும் பிற்காலத்தவை, அடியில் கிடக்கிற கல் பழையது. அங்கே நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினால் அன்றைக்குத் தாண்டுகிற ஒவ்வொரு வாய்க்கால் தலைப்பும் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துபோகும்.

எந்த மாதம் வருவது நல்லது?

தை, மாசி. அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. விடியலில் பனி, பத்து மணி வரை வெயில் சுடாது. சம்பா அறுப்பும் அப்போதுதான்.

பச்சையாகப் பார்க்க வேண்டுமென்றால் நவம்பர், டிசம்பர். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் சின்னம் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகள் படுத்தே போயின. அதற்கு முன்பு அங்கே நிழலில் ஓட்டிய சாலைகளில் அப்புறம் பல வருடம் வெயில்தான்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். நீர் இருப்பைப் பொறுத்து தேதி மாறும். மார்ச்சிலிருந்து மே வரை ஆறு வெறும் மணல். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம்.

எல்லாரும் காற்று, காற்று என்கிறார்களே?

மலை இல்லாத ஊரில் காற்றுதான் ஏற்றம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஆடி மாதம் மதியம் மிதித்துப் பார்த்தவர்களுக்கு அது பழமொழி இல்லை. மணிக்கு 26 கிலோமீட்டரில் போனவள் 14-க்கு வந்து, கடைசியில் ஒரு வைக்கோல் லாரியின் பின்னால் ஒண்டிக்கொண்டு வந்தேன். அது தப்பு, நீங்கள் செய்யாதீர்கள். கண்ணில் தூசி விழுந்து இரண்டு நாள் அவதிப்பட்டேன்.

கணக்கு எளிது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மேல்காற்று, மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தஞ்சாவூரில் தொடங்கிக் கடலை நோக்கிப் போங்கள், திரும்ப ரயில். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. அப்போது மயிலாடுதுறைக்கு ரயிலில் போய் அங்கிருந்து மேற்கே மிதித்து வாருங்கள். எந்த மாதமானாலும் கடலோரத்தில் மதியத்துக்குப் பிறகு கடற்காற்று தனியாக வேலையைக் காட்டும்.

ரயிலில் சைக்கிளை ஏற்ற முடியுமா?

முடியும், லக்கேஜாக முன்பதிவு செய்து பிரேக் வேனில் (சாமான் ஏற்றுகிற பெட்டி) ஏற்றவேண்டும். எல்லா ரயிலுக்கும் அந்த வசதி இல்லை, முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுவிடுங்கள். சக்கரங்களைக் கழற்றிப் பையில் கட்டினால் இன்னும் சுலபம்.

அறுவடைச் சமயத்தில் சாலையில் நெல் காயப்போட்டிருக்கிறார்களாமே?

ஆமாம். களம் போதாததால் சாலைதான் களம். ஒரு பக்கம் முழுக்க நெல், அதைச் சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் வருகிற பஸ்ஸுக்கும் நெல்லுக்கும் நடுவில் நீங்கள். பொறுமையாக நின்று போகவேண்டும்.

நெல்மேல் ஓட்டாதீர்கள். முதல் காரணம், வழுக்கும். ஈர நெல்மேல் மெல்லிய டயர் ஏறினால் பிரேக் பிடித்தும் பயனில்லை. இரண்டாவது காரணத்தை எனக்குக் கபிஸ்தலம் பக்கம் ஒரு பாட்டி சொன்னார், காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே: "சக்கரத்த ஏத்தாதம்மா, அது சோறு." அதற்குப் பிறகு நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

வைக்கோல் இன்னொரு தொல்லை. அறுப்பு மிஷின் போன வழியில் சிதறிக் கிடக்கும், பின் கியரில் சுற்றிக்கொண்டால் செயின் இறுகிவிடும். ஒருமுறை என் சைக்கிளில் அப்படிச் சுற்றி, கையால் பிய்க்க முடியாமல் நின்றேன். வயலிலிருந்து ஏறிவந்த ஒருவர் கருக்கரிவாளை நுழைத்து இரண்டு இழுப்பில் எடுத்துவிட்டார். அதற்கப்புறம் பையில் ஒரு சின்னக் கத்தி வைத்திருக்கிறேன். கொள்முதல் நிலையம் இருக்கும் ஊர்களில் நெல்மூட்டை லாரிகள் வரிசையில் நிற்கும், அங்கே வேகத்தைக் குறையுங்கள். லாரியிலிருந்து ஆள் எந்தப் பக்கம் குதிப்பார் என்று சொல்ல முடியாது.

கடல் வரை போகிற மாதிரி ஒரு நீண்ட பயணம் சொல்லுங்களேன்.

சின்னதாக வேண்டுமானால் மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி. முப்பது கிலோமீட்டர். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ஒரு காலத்தில் இந்த வழியில் ரயிலும் ஓடியது, 1986-ல் நிறுத்திவிட்டார்கள்.

பெரிதாக வேண்டுமென்றால் 1930-ன் உப்புச் சத்தியாகிரக வழி. ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு ஏப்ரல் 13 அன்று, தமிழ்ப் புத்தாண்டில், திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். சுமார் 240 கிலோமீட்டர். அவர்கள் பதினைந்து நாளில் நடந்ததை நாங்கள் மூன்று நாளில் ஓட்டினோம், அதுவும் ஜனவரியில். சித்திரை வெயிலில் நடந்தவர்களை நினைத்தால் நம் ஹெல்மெட்டும் கூலிங்கிளாசும் கூச்சமாக இருக்கும்.

அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், நடப்பவர்களுக்கு யாரும் சோறோ இடமோ தரக்கூடாது, தந்தால் சிறை என்று உத்தரவிட்டார். ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நிற்கும்போதெல்லாம் நான் மேலே ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

முதல் நாள் திருச்சியிலிருந்து கும்பகோணம். கல்லணை வழி வந்தால் கொஞ்சம் சுற்று, ஆனால் அதுதான் சரி. இரண்டாம் நாள் வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி, சாயங்காலம் அரித்ராநதிக் குளத்தை ஒரு சுற்று சுற்றுங்கள். ஆறு என்று பெயர் வைத்த குளம், அவ்வளவு பெரிது. மூன்றாம் நாள் திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். திருத்துறைப்பூண்டிக்குப் பிறகு மரம் குறையும், வானம் பெரிதாகும், எதிர்க்காற்று வரும். அகஸ்தியன்பள்ளி உப்பளங்களில் வெள்ளை அம்பாரங்கள் தெரியும்போது வந்துவிட்டோம் என்று அர்த்தம். பக்கத்திலேயே கோடியக்கரை, வெளிமானும் குளிர்காலத்தில் பூநாரையும் பார்க்கலாம்.

கங்கைகொண்டசோழபுரம்?

கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள், அணைக்கரை வழி 35 கிலோமீட்டர். அணைக்கரையில் கொள்ளிடத்தின் கீழணையைத் தாண்டுகிற பழைய பாலம் குறுகலானது, பகல் வெளிச்சத்தில் தாண்டுங்கள். ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே மண்ணின் நிறம் மாறிவிடும். ஜெயங்கொண்டம் பக்கம் மறுபடி செம்மண்ணும் முந்திரியும். ஆசைப்பட்டு அரியலூர் வரை நீட்டாதீர்கள். சிமெண்ட் லாரிகள்.

பஞ்சர் ஆனால்?

டெல்டாவில் பஞ்சர் கடை இல்லாத ஊர் இல்லை. ஆனால் ரோடு பைக்கின் மெல்லிய வால்வைப் பார்த்ததும் "இதுக்குக் காத்து எப்படிம்மா அடிக்கிறது?" என்பார்கள். ஒரு சின்னப் பித்தளை அடாப்டரைப் போட்டுக்கொண்டால் அவர்கள் பம்பிலேயே அடிக்கலாம். இரண்டு உபரி டியூப் வையுங்கள். நெருஞ்சி முள் தஞ்சாவூருக்குத் தெற்கே, கருவேல முள் கடலோரத்தில். வேலி வெட்டிப் போட்ட நாளில் சாலை முழுக்க முள்தான்.

பெண்கள் தனியாக ஓட்டலாமா?

நான் ஓட்டுகிறேன். இருட்டில் நெடுஞ்சாலையில் ஓட்டுவதில்லை, அவ்வளவுதான். தொல்லை ஆட்களால் குறைவு, கழிப்பறையால் அதிகம். பெட்ரோல் பங்க், பெரிய ஓட்டல், பஸ் நிலையம் எங்கே இருக்கிறது என்று கிளம்புமுன் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிற வேலை வேண்டாம். கோயிலுக்குள் போக ஒரு வேட்டியோ துப்பட்டாவோ பையில் இருந்தால் போதும், ஆண்களுக்கும் இதையே சொல்வேன். பெரும்பாலான கோயில்களில் மதியம் பன்னிரண்டு பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

நாய்?

இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். ஓடுகிற சக்கரத்தைத்தான் துரத்தும்.

வழியில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள்?

இரண்டுதான். முதல் கேள்வி, "பஸ் வரலியாம்மா?" இதற்குச் சிரித்தால் போதும். இரண்டாவது, டீக்கடைப் பெஞ்சிலிருந்து வரும்: "வண்டி என்ன விலை?" ஆரம்பத்தில் உண்மை விலையைச் சொன்னேன். "இந்தக் காசுக்கு ஒரு எக்ஸல் வாங்கியிருக்கலாமே, ரெண்டு மூட்டை நெல்லாவது ஏத்தலாம்" என்றார் ஒரு பெரியவர். இப்போது பாதி விலை சொல்கிறேன். அதற்கும் அதே பதில்தான் வருகிறது, மூட்டை மட்டும் ஒன்றாகக் குறைந்திருக்கிறது.